ஐந்தாவது சக்கரம் இல்லாத கார்: பஞ்சரானால் எதை நம்புவது?



இந்தப் பாடத்தைப் படிக்கும் முன் ஒரு சின்ன வேலை. வீட்டுக் காரின் பின்பெட்டியைத் திறந்து, கீழே விரித்திருக்கும் கம்பளத்தையும் அதற்கு அடியில் உள்ள பலகையையும் தூக்கிப் பாருங்கள். அங்கே ஒரு முழு டயர் இருக்கலாம். ஒல்லியான தற்காலிக டயர் இருக்கலாம். இல்லையென்றால், காற்றடிக்கும் சிறு கருவி ஒன்றும் வெள்ளைத் திரவம் நிரம்பிய புட்டி ஒன்றும் மட்டும் இருக்கலாம். சில கார்களில் அதுகூட இருக்காது. டெஸ்லாவின் மாடல் 3, மாடல் ஒய் கார்கள் ஸ்பேர் டயர் இல்லாமல்தான் வருகின்றன.

பார்த்துவிட்டீர்களா? சரி, இப்போது பாடத்துக்கு வருவோம்.

ஸ்பேர் டயர் ஏன் காணாமல் போகிறது?

மூன்று காரணங்கள். முதலாவது எடை. ரிம்மோடு சேர்ந்த ஒரு டயர் பத்து, பதினைந்து கிலோ இருக்கும். அந்த எடையைக் குறைத்தால் எரிபொருள் கொஞ்சம் மிச்சம். இரண்டாவது இடம். ஹைபிரிட் கார்களிலும் மின்சாரக் கார்களிலும் பேட்டரி, மோட்டார் போன்றவை பின்பக்க இடத்தை எடுத்துக்கொள்கின்றன. மூன்றாவது செலவு. ஒரு டயர், ஒரு ரிம், ஒரு ஜாக் ஆகியவற்றுக்குப் பதிலாக ஒரு புட்டி கொடுத்தால் தயாரிப்பாளருக்கு மிச்சம்.

இதில் தயாரிப்பாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால், ஸ்பேர் டயர் போனபோது ஒரு பொறுப்பு நம் கைக்கு மாறியிருக்கிறது. முன்பு பஞ்சரானால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சக்கரத்தை மாற்று. இப்போது நாமே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தேர்வைச் சாலையோரத்தில், மழையில், செல்பேசி வெளிச்சத்தில் செய்யக் கூடாது. வீட்டில் உட்கார்ந்து, நிதானமாக, முன்கூட்டியே செய்ய வேண்டும்.

அக்கா கேட்ட கேள்வி

என் அக்கா ஈப்போவில் தாதியாகப் பணிபுரிகிறார். சென்ற ஆண்டு பழைய ஹைபிரிட் கார் ஒன்றை வாங்கினார். ஸ்பேர் டயர் இல்லை. புட்டி இருந்தது, ஆனால் காலாவதியாகியிருந்தது. நான் இயந்திரவியல் படிக்கிறேன் என்பதால் என்னைக் கேட்டார். நான் டயரின் அமைப்பு, அழுத்தம் என்று ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டார்.

"டேய் தம்பி, எனக்குப் பாடம் வேணாம். ராத்திரி ரெண்டு மணிக்கு வேலை முடிஞ்சு வர்றப்ப, நான் தனியா நின்னா என்ன செய்யணும்? அதை மட்டும் சொல்லு."

கடையில் உள்ள பொருள்களில் எது சிறந்தது என்று நாம் கேட்கிறோம். அக்கா கேட்டது வேறு. யார், எந்த நேரத்தில், எந்தச் சாலையில் நிற்பார்? சரியான கேள்வி இதுதான். இதற்குப் பதில் தெரிந்தால் எதை வாங்குவது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

முதலில் காயத்தைப் பார்ப்போம்

எல்லா பஞ்சரும் ஒன்றல்ல. மருத்துவர் மருந்து எழுதும் முன் காயம் எங்கே என்று பார்ப்பதுபோல நாமும் பார்க்க வேண்டும்.

சாலையில் படும் பகுதி, அதாவது பூப்போட்ட பகுதி, தடிப்பானது. உள்ளே எஃகுக் கம்பிப் பட்டைகள் இருக்கும். அங்கே ஓர் ஆணியோ திருகாணியோ குத்தினால், பெரும்பாலும் காற்று மெதுவாகத்தான் கசியும். ஆணியே துளையை அடைத்துக்கொண்டிருக்கும். இந்தக் காயத்துக்கு அவசர மருந்து உண்டு.

டயரின் பக்கச்சுவர் அப்படியல்ல. அது மெல்லியது. சுற்றும்போதெல்லாம் வளைந்து நிமிரும். ஒரு சின்னக் கணக்கு: மைவியில் வரும் 185/55 ஆர்15 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.84 மீட்டர். 80 கி.மீ. வேகத்தில் கார் வினாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. அப்படியென்றால் டயர் வினாடிக்குப் பன்னிரண்டு முறை சுற்றுகிறது. பக்கச்சுவரின் ஒவ்வோர் இடமும் வினாடிக்குப் பன்னிரண்டு முறை மடங்கி விரிகிறது. அங்கே வைக்கும் எந்த அடைப்பும் நிற்காது. பக்கச்சுவர் கிழிந்தால் புட்டியும் வேண்டாம், கயிறும் வேண்டாம். இழுவை வண்டியைக் கூப்பிட வேண்டியதுதான்.

காற்று இல்லாமலேயே கொஞ்ச தூரம் ஓட்டிய டயரும் அப்படித்தான். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே பக்கச்சுவர் நசுங்கி, ரப்பர் தூளாகக் கொட்டியிருக்கும். அதில் மறுபடி காற்றடித்தால் வெடிக்கவும் கூடும்.

கையில் உள்ள வழிகள்

*ஒன்று: அடைப்புத் திரவமும் காற்றடிக்கும் கருவியும்.* புதிய கார்களோடு வருவது பெரும்பாலும் இதுதான். பல புட்டிகளில் உள்ளது இயற்கை ரப்பர் பால். நம் தாத்தா பாட்டி தோட்டத்தில் விடியற்காலையில் வெட்டிச் சேர்த்த அதே பால்மரத்துப் பால், உறையாமலிருக்கச் சில பொருள்கள் சேர்த்துப் புட்டியில் வருகிறது. வால்வு வழியாக டயருக்குள் போன பிறகு, சக்கரம் சுற்றும்போது உட்பக்கம் முழுவதும் பரவும். துளை வழியாகக் காற்று வெளியேறும்போது திரவத்தையும் அங்கே இழுத்துக்கொண்டு போகும். அங்கே அது உறைந்து அடைக்கும். அதனால்தான் திரவத்தை ஏற்றியவுடன் காரை ஓட்டச் சொல்கிறார்கள். நிறுத்தியே வைத்திருந்தால் திரவம் அடியில் தேங்கி நிற்கும், துளையைத் தேடிப் போகாது.

இதற்கு எல்லைகள் உண்டு. பூப்போட்ட பகுதியில், பொதுவாக 4 மில்லிமீட்டர் வரையிலான துளைக்கு. சில தயாரிப்புகள் 6 மில்லிமீட்டர் வரை சொல்கின்றன. அதன்பின் வேகம் 80 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. தூரமும் அளவுதான். பெட்டியில் 100 அல்லது 200 கி.மீ. என்று போட்டிருக்கும். ஒரு புட்டி ஒரு பஞ்சருக்கு மட்டும். காலாவதித் தேதியும் உண்டு.

*இரண்டு: அழுத்தக் குப்பி.* கொசு மருந்துக் குப்பிபோல இருக்கும். வால்வில் பொருத்தி அழுத்தினால் திரவமும் வாயுவும் சேர்ந்து உள்ளே போகும். கருவி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், இரண்டு நிமிட வேலை. ஆனால் பெரிய டயருக்கு முழு அழுத்தம் கிடைக்காது. சில குப்பிகளில் உள்ள வாயு தீப்பற்றக்கூடியது. இன்னொன்று, 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று குப்பியிலேயே எழுதியிருக்கும். நம் நாட்டு வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே அந்தச் சூட்டைத் தாண்டுவது பெரிய விஷயமே இல்லை. தினமும் வெயிலில் நிற்கும் காரில் இதை வைத்திருக்க நான் சொல்லமாட்டேன்.

*மூன்று: ரப்பர் கயிறு.* டயர் கடைகளில் பார்த்திருப்பீர்கள். பிடி போட்ட முறுக்கூசியால் துளையைக் குடைந்து சுத்தம் செய்து, பசை தடவிய ஒட்டும் கயிற்றை மற்றோர் ஊசியால் உள்ளே திணித்து, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிடுவார்கள். எல்லாவற்றிலும் விலை குறைந்தது இதுதான். ஒரு பெட்டியில் பல கயிறுகள் இருக்கும். டயருக்குள் ஈரமோ பிசுபிசுப்போ ஏற்படாது. திரவத்தைவிட உறுதியாகவும் நிற்கும். ஆனால் கூடவே காற்றடிக்கும் கருவி வேண்டும், கை வலுவும் வேண்டும். எங்கள் தாமானில் உள்ள டயர் கடை அங்கிள் தூக்கி எறியவிருந்த ஒரு டயரைக் கொடுத்தார். நானும் அக்காவும் அதில் முயன்று பார்த்தோம். எஃகுக் கம்பிப் பட்டையைக் குடைந்துகொண்டு முறுக்கூசி உள்ளே போக, நான் முழு உடம்பையும் சாய்த்து அழுத்த வேண்டியிருந்தது. அது தரையில் கிடந்த டயர். காரில் மாட்டியிருக்கும் டயரில், சக்கர வளைவுக்குள் கையை விட்டு இதைச் செய்வது இன்னும் கடினம். அக்கா இரண்டு முறை முயன்றார். "இதை ராத்திரி ரெண்டு மணிக்கா?" என்று என்னைப் பார்த்தார். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

*நான்கு: ஒல்லி டயர்.* அதே மாடலுக்குரிய தற்காலிக டயரைத் தனியாக வாங்கலாம். போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும், விட்டமும், பிரேக்கில் உரசாத அளவும் பொருந்த வேண்டும். ஜாக், ஸ்பேனர் இரண்டும் வேண்டும். பக்கச்சுவர் கிழிந்தாலும் உங்களை வீட்டுக்குக் கொண்டுபோவது இது ஒன்றுதான். இதற்கும் 80 கி.மீ.தான் உச்ச வேகம். காற்றழுத்தம் சாதாரண டயரைவிட மிக அதிகம்: பெரும்பாலும் 420 கிலோபாஸ்கல், அதாவது 60 பிஎஸ்ஐ. பல வீடுகளில் இந்த டயர் காற்றே இல்லாமல் வருடக்கணக்காகத் தூங்குகிறது. ஸ்பேர் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்களும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

*ஐந்து: காற்றில்லாமல் ஓடும் டயர்.* பக்கச்சுவர் மிகத் தடிப்பாக இருக்கும். காற்று போனாலும் பொதுவாக 80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. தூரம் போகலாம். சாலையோரத்தில் இறங்கவே வேண்டாம் என்பது பெரிய நன்மை. விலை அதிகம், ஓட்டம் கொஞ்சம் முரடாக இருக்கும். காற்றழுத்தத்தைக் கவனித்து எச்சரிக்கும் வசதி இல்லாத காருக்கு இது பொருந்தாது. ஏனென்றால், காற்று போனதே ஓட்டுநருக்குத் தெரியாமல் போகும்.

*ஆறு: தொலைபேசி.* இதையும் நான் ஒரு வழியாகவே எண்ணுகிறேன். பல கார் காப்புறுதிகளில் 24 மணி நேர இழுவைச் சேவை சேர்ந்தே வருகிறது. உங்கள் காப்புறுதியில் உண்டா, எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம் என்று இன்றே படித்துப் பாருங்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பிளஸ் உதவி எண் 1800-88-0000. மற்ற நெடுஞ்சாலைகளுக்குத் தனித்தனி எண்கள் உண்டு. சாலையோரப் பலகைகளில் எழுதியிருக்கும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

நான்கு கேள்விகள் கேளுங்கள்.

யார் ஓட்டுவார்? கை வலு, பழக்கம், தனியாகவா துணையோடா என்று பாருங்கள்.

எங்கே ஓட்டுவார்? ஷா ஆலாமுக்கும் கிள்ளானுக்கும் நடுவில் என்றால் அடுத்த டயர் கடை சில கிலோமீட்டரில். கிரிக்கிலிருந்து ஜெலி போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை என்றால் கதை வேறு. நூறு கிலோமீட்டருக்கு மேல் காடும் மலையும். யானை கடக்கும் என்று எச்சரிக்கைப் பலகைகள் நிற்கும் சாலை அது. அங்கே பல இடங்களில் தொலைபேசியை நம்ப முடியாது.

எப்போது ஓட்டுவார்? ஞாயிறு இரவிலும் தீபாவளி முதல் நாளிலும் கடைகள் மூடியிருக்கும். திரவத்தின் தூர எல்லைக்குள் திறந்த கடை கிடைக்குமா என்று யோசியுங்கள்.

கார் என்ன சொல்கிறது? கையேட்டைப் பாருங்கள். காற்றழுத்த உணரி டயருக்குள் இருந்தால், அதற்கு ஒத்துவரும் திரவத்தை வாங்குங்கள். கண்ட திரவத்தையும் ஊற்றினால் உணரி அடைபடலாம்.

இந்த நான்கையும் வைத்து எங்கள் குடும்பத்தில் எடுத்த முடிவுகளைச் சொல்கிறேன். அக்காவுக்கு, கார்த் தயாரிப்பாளரின் புதிய புட்டியும் காற்றடிக்கும் கருவியும், கூடவே காப்புறுதி இழுவை எண். ரப்பர் கயிறு இல்லை. அப்பாவின் பழைய சாகாவில் முழு ஸ்பேர் இருக்கிறது. அதற்குக் காற்று மட்டும் அடித்தோம். எங்கள் இளைஞர் பிரிவு கிளந்தான் பக்கம் முகாமுக்குப் போகும்போது முன்னால் போகும் காரில் மூன்றும் இருக்கும்: ரப்பர் கயிறு, கருவி, இரண்டு புட்டி. போவதற்கு ஒன்று, திரும்பி வருவதற்கு ஒன்று. கயிறு திணிக்கத் தெரிந்தவர் இருவராவது அந்தக் காரில் இருக்க வேண்டும்.

ஒரே பொருளை எல்லாருக்கும் வாங்கிக் கொடுப்பது எளிது. ஆனால் பயன்படுத்தத் தெரியாதவர் கையில் உள்ள நல்ல கருவி வெறும் சுமைதான்.

கருவி வாங்கும்போது ஒரு கணக்கு

எல்லாக் காற்றடிக்கும் கருவியும் ஒன்றுபோல் தெரியும். கொஞ்சம் கணக்குப் போட்டால் வித்தியாசம் புரியும். மேலே சொன்ன மைவி டயருக்குள் ஏறத்தாழ 25 லிட்டர் இடம் உண்டு. 230 கிலோபாஸ்கலுக்கு, அதாவது 33 பிஎஸ்ஐக்குக் கொண்டுவர வெளிக்காற்று ஏறத்தாழ 58 லிட்டரை உள்ளே திணிக்க வேண்டும். கருவி அழுத்தத்துக்கு எதிராக உண்மையில் நிமிடத்துக்கு 10 லிட்டர் தள்ளினால் ஆறு நிமிடம் ஆகும். மிகச் சிறிய கருவி என்றால் பத்து நிமிடத்தையும் தாண்டும். பல மலிவுக் கருவிகளைப் பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டக் கூடாது. சூடாகிவிடும். ஆகவே, பெட்டியில் எழுதியுள்ள உச்ச அழுத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை நிமிடம் தொடர்ந்து ஓடலாம் என்று பாருங்கள்.

மின்சாரமும் முக்கியம். 120 வாட் கருவி 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். காரின் சாக்கெட் பியூஸ் அதைத் தாங்குமா என்று கையேட்டில் பாருங்கள். வயர் பின் டயர் வரை எட்டுமா என்று வீட்டிலேயே இழுத்துப் பாருங்கள்.

சாலையோரத்தில்: முதலில் உயிர், பிறகு டயர்

நம் நெடுஞ்சாலையில் உச்ச வேகம் 110 கி.மீ. அது வினாடிக்கு 30 மீட்டருக்கு மேல். பின்னால் வரும் ஓட்டுநர் மூன்று வினாடி செல்பேசியைப் பார்த்தால் அவர் கார் 90 மீட்டர் கண்மூடி ஓடியதற்குச் சமம். அவசரத் தடத்தில் குந்தியிருக்கும் உங்களுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும்தான்.

ஆகவே வரிசை இதுதான்.

முதலில், திடீரென்று பிரேக் அழுத்தாமல் ஸ்டீரிங்கை நேராகப் பிடித்து மெதுவாக இடப்பக்கம் ஒதுங்குங்கள். ஓய்வுத்தளமோ பெட்ரோல் நிலையமோ மிக அருகில் இருந்தால், அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து அங்கே போய்விடுங்கள். டயரும் ரிம்மும் கெட்டுப்போகலாம். போகட்டும். அவற்றைக் கடையில் வாங்கலாம்.

அவசரத் தடத்தில்தான் நிற்க வேண்டியிருந்தால் எல்லாரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, இரும்புத் தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள். காருக்குள் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது.

பஞ்சரானது வலப்பக்க டயர் என்றால், அதாவது வாகனங்கள் பறக்கும் பக்கம் என்றால், நெடுஞ்சாலையில் எந்த வேலையும் செய்யாதீர்கள். எவ்வளவு நல்ல கருவி இருந்தாலும் சரி. தடுப்புக்கு அப்பால் நின்று உதவி எண்ணை அழையுங்கள்.

திரவம் ஏற்றும் முறை

இடம் பாதுகாப்பானது, காயம் பூப்போட்ட பகுதியில், சின்னத் துளை. அப்படியென்றால் மட்டும் தொடருங்கள்.

ஆணியைப் பிடுங்காதீர்கள். அது பாதித் துளையை அடைத்துக்கொண்டிருக்கிறது. திரவத்தின் வேலையை அது எளிதாக்குகிறது. ரப்பர் கயிறு வைப்பவர்கள் மட்டும்தான் பிடுங்க வேண்டும்.

புட்டியைக் குலுக்கி, கையேட்டில் உள்ளபடி கருவியில் பொருத்துங்கள். குழாயை வால்வில் திருகுங்கள். இயந்திரம் ஓடட்டும், ஆனால் மூடிய கார் நிறுத்துமிடத்தில் வேண்டாம். புகை நச்சு.

கருவியை இயக்கியதும் முள் சட்டென்று மேலே, 600 கிலோபாஸ்கல் வரைகூட ஏறலாம். பலர் இங்கேதான் பயந்து நிறுத்துகிறார்கள். அது டயரின் அழுத்தம் அல்ல. கெட்டியான திரவம் குறுகிய வால்வுக்குள் நுழையும் அழுத்தம். அரை நிமிடத்தில் இறங்கிவிடும். பிறகுதான் டயரின் உண்மையான அழுத்தம் ஏறும். டயருக்கு நேர் எதிரே நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள். பக்கச்சுவர் ஓர் இடத்தில் புடைத்தால் உடனே நிறுத்துங்கள்.

கையேடு சொல்லும் நேரத்தில் அழுத்தம் ஏறவில்லையா? குழாயைக் கழற்றி, காரைப் பத்து மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தி, மறுபடி ஒருமுறை முயலுங்கள். அப்போதும் ஏறவில்லை என்றால் துளை பெரியது. நிறுத்திவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

அழுத்தம் ஏறிவிட்டால் உடனே புறப்படுங்கள். 80 கி.மீ. என்று எழுதிய ஸ்டிக்கரை ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டுங்கள். பத்து நிமிடம் ஓட்டியதும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி அழுத்தத்தைப் பாருங்கள். 130 கிலோபாஸ்கலுக்குக் கீழே இறங்கியிருந்தால் பயணம் அங்கேயே முடிந்தது. சில கார்களின் கையேட்டில் இந்த எண் கொஞ்சம் மாறும். அதற்கு மேல் இருந்தால் சரியான அளவுக்குக் காற்றடித்து நேராகக் கடைக்குப் போங்கள். கோயிலுக்குப் போய்விட்டு அப்புறம் கடை என்று வேண்டாம்.

கடையில் சொல்ல வேண்டியது

"உள்ளே திரவம் போட்டிருக்கேன்" என்று டயரைக் கழற்றும் முன்பே சொல்லுங்கள். அழுத்தக் குப்பி என்றால் கட்டாயம் சொல்லுங்கள். தீப்பற்றும் வாயு உள்ளே இருக்கலாம். திரவத்தைக் கழுவி, உட்பக்கம் பார்த்து, காளான் வடிவ ஒட்டை உள்ளிருந்து போடுவதுதான் நிலையான பழுதுபார்ப்பு. கடைகளில் மலாயில் 'செண்டாவான்' என்று கேட்டால் புரியும். வெளியிலிருந்து திணித்த கயிற்றையும் இப்படி ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். புட்டியும் கயிறும் முதலுதவி. முதலுதவியோடு நிறுத்திக்கொண்டால் காயம் ஆறியதாக அர்த்தமில்லை.

வீட்டுக்கு வந்ததும் புதுப் புட்டி வாங்குங்கள். சில திரவங்களில் உள்ள கிளைக்கால் நச்சுத்தன்மை உடையது. பிள்ளைகளுக்கும் வீட்டுப் பிராணிகளுக்கும் எட்டாமல் வையுங்கள்.

"சாமி பார்த்துக்கும்"

புதுக் கார் வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போடுகிறோம். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். ஆயுத பூசையன்று சந்தனம், குங்குமம் வைக்கிறோம். எனக்கு இதில் முழு நம்பிக்கை உண்டு. கருவியை மதிக்கக் கற்றுக்கொடுக்கும் பண்டிகை நம்மிடம் இருப்பது பெருமைதான். ஆனால் மதிப்பது என்றால் என்ன? அந்தக் கருவிக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவைத்திருப்பதும் மதிப்புதான். பொட்டு வைக்கும் கையால் காற்றையும் பார்த்துவிட்டால் பூசை குறையாது.

முகாமுக்கோ தைப்பூசத் தொண்டுக்கோ நாம் கார் எடுக்கும்போது பின்னால் யாரோ வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர் நம்மை நம்பித்தான் அனுப்பியிருக்கிறார்கள். "சாமி பார்த்துக்கும்" என்று நாம் சொல்லலாம். அவர்களைப் பொறுத்தவரை, சாமி பார்த்துக்கொள்ள அனுப்பிய ஆளே நாம்தான்.

இளைஞர் பிரிவுக்கான பயிற்சி

அடுத்த கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

1. வந்திருக்கும் எல்லாக் கார்களின் பின்பெட்டியையும் திறந்து, எதில் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். புட்டியின் காலாவதித் தேதியையும் குறியுங்கள்.

2. ஓட்டுநர் கதவுப் பக்கத்தில் ஒட்டியுள்ள தாளில் சரியான காற்றழுத்தத்தைப் பார்த்து, நான்கு டயரையும் ஸ்பேரையும் அளந்து ஒப்பிடுங்கள்.

3. அருகிலுள்ள டயர் கடையில் கழித்துப்போட்ட டயர் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பெண்கள் உட்பட எல்லாரும் ரப்பர் கயிறு திணித்துப் பாருங்கள். யாரால் முடிகிறது, யாரால் முடியவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்கேற்ப வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

4. ஒவ்வொருவரும் தங்கள் காப்புறுதி இழுவை எண்ணைச் செல்பேசியில் சேமியுங்கள். ஒரு தாளிலும் எழுதிக் காரில் வையுங்கள். பேட்டரி தீர்ந்த செல்பேசியில் எண் இருந்து பயனில்லை.

5. விவாதிக்க: இரவு பதினொரு மணி, நெடுஞ்சாலை, வலப்பக்கப் பின் டயர், காரில் நான்கு பேர், அவர்களில் ஒருவர் பாட்டி. முதல் ஐந்து நிமிடத்தில் யார் என்ன செய்ய வேண்டும்?

ஐந்தாவது கேள்விக்கு உங்கள் கூட்டத்தில் ஒரே பதில் வரும்வரை பேசுங்கள்.